தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு நாள்

1

போன வாரம் காலை இடைவேளையில் பாகோ மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இத்தனைக்கும் அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. தன் தங்கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தான்.

பாகோவும் நானும் ஸ்பெயினில், சரகோசா நகரத்துக்கு வெளியே, காருக்குக் கதவுத் தகடு அடிக்கிற தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கிறோம். அவன் பிறந்ததே அங்கேதான். நான் ஓசூரிலிருந்து வந்து இது ஆறாவது வருடம். காலை பத்து மணிக்கு இருபது நிமிடம் விடுவார்கள். அவன் ரொட்டிக்குள் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்துக் கொண்டுவருவான். நான் டப்பாவில் எலுமிச்சை சாதம். பாகோ ஸ்பானிஷில்தான் பேசுவான், ஆனால் ஆறு வருடத்தில் அது என் காதுக்குள் ஓசூரை ஒட்டிய எங்கள் மத்திகிரித் தமிழாகவே விழ ஆரம்பித்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

"அவளுக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்குதா பாரு செக்கார். கல்யாணத்தக் கொண்டுபோயி சனிக்கெழமையில வெச்சிருக்கா. எனக்கு ஒரு நாள் போச்சு!"

என் பெயர் சேகர். இங்கே செக்கார். அது கிடக்கட்டும். எங்கள் தொழிற்சங்க ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. உடன்பிறந்தவர் கல்யாணத்துக்கு ஒரு நாள், சம்பளத்தோடு லீவு. சனிக்கிழமை எப்படியும் எங்களுக்கு வேலை கிடையாது. ஆக அந்த ஒரு நாள் வீண். வெள்ளிக்கிழமை வைத்திருந்தால் மூன்று நாள் சேர்ந்து வந்திருக்கும். இதுதான் அவன் குறை. மேசையைச் சுற்றி இருந்த நாலு பேரும், "அநியாயம்தான்" என்று தலையாட்டினார்கள். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை.

நான் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். "என்னாச்சு?" என்றான் பாகோ. "ஒன்றுமில்லை" என்றேன். ஸ்பானிஷில் நான் அதிகம் பயன்படுத்திய சொல் அதுவாகத்தான் இருக்கும்.

கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களிடம் எனக்கென்ன வெட்கம். எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, பொறாமை. சுத்தமான வயிற்றெரிச்சல். அவனுடைய தங்கை கல்யாணத்தில் அவன் இருப்பானா இல்லையா என்ற கேள்வியே அவனுக்கு வரவில்லை பாருங்கள். அதில்தான் எனக்கு எரிந்தது.

2

இங்கே லீவு எவ்வளவு என்று சொல்கிறேன், நீங்களும் கொஞ்சம் எரியுங்கள்.

வருடத்துக்கு முப்பது நாள் லீவு, சனி ஞாயிறும் அதற்குள் அடக்கம். அதுபோக அரசு விடுமுறை பதினான்கு. அந்தப் பதினான்கில் இரண்டை அந்தந்த ஊரே முடிவு செய்துகொள்ளலாம். எங்கள் ஊருக்கு ஜனவரியில் ஊர்க்காவல் புனிதர் திருநாள் ஒன்று, மார்ச்சில் ஒன்று. மார்ச்சில் ஊரே பார்க்கில் போய் உட்கார்ந்து கறி சுட்டுச் சாப்பிடும். அதற்கு ஒரு நாள் லீவு! விடுமுறை செவ்வாயில் வந்தால் நடுவில் கிடக்கிற திங்களையும் எடுத்துக்கொள்வார்கள். வியாழனில் வந்தால் வெள்ளி. அதற்குப் பெயர் 'பாலம்'. அடுத்த வருடக் காலண்டரை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற அன்று, பிளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற மாதிரிக் கூட்டம் மொய்க்கும். பாகோ காதில் பென்சிலோடு வருவான். எந்தப் பாலம் யாருக்கு என்பதை அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள்.

இன்னொன்று கேளுங்கள். லீவில் இருக்கும்போது உடம்பு சரியில்லாமல் போனால், டாக்டர் சீட்டைக் காட்டினால் அந்த நாட்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முதலில் கேட்டபோது கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். பாகோ ஒரு ஆகஸ்டில் கடற்கரையில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு பத்து நாள் படுத்தான். அந்தப் பத்து நாளை அக்டோபரில் வாங்கிக்கொண்டு மறுபடியும் கடற்கரைக்கே போனான். ஓசூரில் லீவு நாளில் காய்ச்சல் வந்தால் நாமே, "நல்லவேளை, லீவுல வந்துச்சு, ஒரு நாள் மிச்சம்" என்று சந்தோஷப்பட்டவர்கள் இல்லையா.

ஆகஸ்ட் வந்தால் ஊர் காலி. எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் ஷட்டரில் ஒரு தாளை ஒட்டுவார். கையால் எழுதிய இரண்டே வரி: விடுமுறைக்குப் போகிறோம், செப்டம்பரில் சந்திப்போம். ஒரு மாதம்! மத்திகிரியில் எங்கள் வீட்டு முனையில் இருந்த டீக்கடை, எனக்குத் தெரிந்து, கடைக்காரரின் அப்பா செத்த அன்றுதான் மூடியிருந்தது. அதுவும் மறுநாள் காலையில் திறந்துவிட்டார்.

நாட்கள் எத்தனை என்பதில்கூட எனக்குப் பொறாமை இல்லை. எனக்கும்தான் அதே முப்பது, அதே பதினான்கு. அவர்கள் லீவில் போகிற விதத்தைப் பார்த்துத்தான் பொறாமை. ஸ்பானரைக் கழுவி வைப்பார்கள், கையைத் துடைப்பார்கள், திரும்பிப் பார்க்காமல் போவார்கள். நான் லீவு சீட்டில் கையெழுத்துப் போடும்போது எதையோ திருடுகிற மாதிரி இருக்கும். போய்விட்டும் நிம்மதி கிடையாது. லீவு முழுக்க ஓசூரில் வங்கி, தாலுகா ஆபீஸ், ஆதார் என்று வரிசையில் நின்றே கழியும். போன வருடம் என் மகளின் பள்ளியில் 'என் விடுமுறை' என்று படம் வரையச் சொன்னார்களாம். மற்ற பிள்ளைகள் கடல் வரைந்தார்கள். இவள் ஒரு கவுண்டரையும் நீளமான வரிசையையும் வரைந்து, கடைசியில் என்னை நிறுத்தியிருந்தாள். டீச்சர் அதை இரக்கத்தோடு என்னிடம் காட்டினார்.

3

லீவை நான் ஏன் இப்படிப் பார்க்கிறேன் என்றால், என்னை வளர்த்த தொழிற்சாலை அப்படி.

ஓசூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். ஒரு மாதம் முழுக்க லீவு போடாவிட்டால் அட்டெண்டன்ஸ் பணம். ஓர் ஆயுதபூஜையிலிருந்து மறு ஆயுதபூஜை வரை போடாவிட்டால் மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு. எங்கள் வீட்டில் இருக்கிற பிரஷர் குக்கர், சுவர்க் கடிகாரம், ஹாட்பாக்ஸ் எல்லாம் அப்படி வந்தவை. ஐந்து வருடம் தொடர்ந்து போடாமல் இருந்தால் தங்கக் காசு. மீதி லீவைச் சேர்த்து வைக்கலாம், காசாக மாற்றலாம், அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். லீவு என்பது போட வேண்டிய பொருள் அல்ல, பீரோவில் வைக்க வேண்டிய பொருள்.

என்னோடு அதே பிரிவில் இருந்தவன் முனிராஜ். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரன், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னோடு தமிழ். வீட்டுக்கு ஒரே பையன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு மறுநாள் வந்தான். சூப்பர்வைசர் கேட்டார், "நேத்து என்னாய்யா?"

"யானை வந்துடுச்சு சார். ராகியெல்லாம் மிதிச்சுப் போட்டுட்டுது. ராத்திரி முழுக்க வெரட்டினோம்."

ஷாப் ஃபுளோர் முழுக்கச் சிரித்தது. சூப்பர்வைசர், "யானைகிட்டயிருந்து ஒரு லெட்டர் வாங்கியாந்திருக்கலாம் இல்ல?" என்றார். அன்றிலிருந்து முனிராஜ் யானைக்காகக்கூட லீவு போட்டதில்லை. மத்திகிரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் தங்கை கவிதா அவனையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அப்போதெல்லாம் எனக்கு அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

4

ஸ்பெயினுக்கு வந்த முதல் வருடம் நான் தனியாக இருந்தேன். மனைவியும் மகளும் அப்போது ஊரில். அடுத்த தை மாதம் கவிதாவுக்குக் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்காக நான் ஒரு நாள் லீவைக்கூடத் தொடவில்லை. ஆகஸ்டில் எல்லோரும் மூன்று வாரம் போனபோது, மெஷின்களைக் கழற்றிப் பூட்டுகிற வேலைக்கு நானாகவே பெயர் கொடுத்தேன். மெயின்டனன்ஸ் ஆட்கள் வேறு மாதத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 'தள்ளி வைக்கலாம்' என்று எனக்குப் பட்டது. இந்த வருட லீவோடு அடுத்த வருட லீவையும் சேர்த்து, ஜனவரியில் போய் நாற்பது நாள் உட்கார்ந்து, பந்தக்கால் நடுவதிலிருந்து மறுவீடு வரை பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம்.

காபி மெஷினுக்குப் பக்கத்தில் செப்டம்பரிலிருந்தே ஒரு தாள் ஒட்டியிருந்தது. மீதி லீவு உள்ளவர்கள் அக்டோபருக்குள் தெரிவிக்கவும் என்று. தினமும் படித்தேன், புரியவும் புரிந்தது. ஓசூரில் இப்படித் தாள் ஒட்டினால் லீவைக் காசாக்க விரும்புகிறவர்கள் பெயர் கொடுங்கள் என்று அர்த்தம். நமக்குக் காசு வேண்டாம், லீவுதான் வேண்டும், நமக்கில்லை இது என்று சும்மா இருந்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில் அலுவலகத்திலிருந்து மார்த்தா கூப்பிட்டாள். ஆட்களின் விவகாரமெல்லாம் பார்க்கிற பெண். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏதோ தப்பு இருக்குது. நீங்க ஒரு நாள்கூட எடுக்காத மாதிரி காட்டுது" என்றாள்.

"தப்பில்லை. ஒரு நாள்கூட எடுக்கவில்லை" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். குக்கர் தருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ஒரு பாராட்டாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

அவள் முகம் வெளிறிவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள், "யார் உங்களத் தடுத்தது? பயப்படாம சொல்லுங்க."

யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் என்றேன். ஏன் என்றாள். சேர்த்து வைக்கிறேன் என்றேன். பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். லீவு அந்தந்த வருடத்தோடு சரி, டிசம்பர் முப்பத்தொன்றோடு போய்விடும். காசாகக் கொடுப்பது சட்டப்படி கூடாது. நான் உடனே, நாளைக்கே, எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும்.

"ஜனவரி?" என்றேன். "என் தங்கச்சிக்குக் கல்யாணம்."

ஜனவரியில் தகடு அடிக்கிற புது பிரஸ் மெஷின் இறக்குகிறார்கள், மெயின்டனன்ஸில் யாருக்கும் லீவு கிடையாது என்று முன்பே எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. சம்பளமில்லாமலாவது விடுங்கள் என்று மேலாளரிடமும் போய் நின்றேன். முடியாது என்றார். வந்து வருடம் திரும்பவில்லை, தங்கும் அனுமதி அட்டை புதுப்பிப்பில் கிடக்கிறது, நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சண்டை போட?

மார்த்தா நல்லவள். ஒப்பந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. "இதோ! சகோதரி திருமணம், ஒரு நாள். இத யாரும் மறுக்க முடியாது!"

சரகோசாவிலிருந்து மாட்ரிட் பஸ்ஸில், மாட்ரிட்டிலிருந்து நடுவில் ஒரு விமானம் மாறி பெங்களூரு, அங்கிருந்து ஓசூர். போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். டிசம்பருக்கு மாற்ற முடியுமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மார்கழில எவன்டா கல்யாணம் வெப்பான்? ஸ்பெயின் போனா மாசம்கூட மறந்து போவுமா?"

5

டிசம்பர் முழுக்க மத்திகிரியில் இருந்தேன். கல்யாணத்துக்கு ஆன வேலையெல்லாம் செய்தேன், கல்யாணத்தைத் தவிர. பத்திரிகை அடித்தேன், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தேன், அப்பாவோடு வீடு வீடாகப் போய்த் தட்டில் பத்திரிகை வைத்து அழைத்தேன்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. "கல்யாணத்துக்கு இருப்பீங்க இல்ல?" பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா, "ரஜா இல்வா?" என்று கேட்டார். லீவு இல்லையா என்று. மத்தூர்ச் சித்தப்பா மட்டும் விடவே இல்லை. "அந்த ஊர்ல லீவு நெறையன்னு பேசிக்கறாங்க? நீ என்னடா இப்பிடிச் சொல்ற?" அவரிடம் நான் எதைச் சொல்ல. லீவு நிறைய, சித்தப்பா. அதைத்தான் இப்போது உங்கள் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு அண்ணன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவர வேண்டும், மோதிரம் போட வேண்டும். அண்ணன் இல்லையென்றால் பங்காளியில் யாராவது. கவிதா ஒரே பிடியாக நின்றாள். "நீ இல்லன்னா முனி அண்ணன். வேற யாரும் வேணாம்." நானே போய் முனிராஜிடம் பத்திரிகை வைத்துக் கேட்டேன். அவன் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "வியாழக்கெழமையா? சரி, வுடு, பாத்துக்கலாம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. முப்பத்தொன்றாம் தேதிக்கு முன் நான் திரும்பிவிட்டேன்.

அந்த ஒரு நாளை நான் விடவில்லை, தெரியுமா? உரிமை உரிமைதானே. முகூர்த்தம் பத்தரைக்கு மேல். இங்கே காலை ஆறு. குளித்து, புது வேட்டி சட்டை கட்டி, திருநீறு பூசி, வெளியே பனி கொட்ட, வாடகை அறையின் கட்டிலில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மனைவி அந்தப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

முனிராஜ் பட்டுச் சட்டையில் இருந்தான். அவ்வளவு நல்ல சட்டை அவனிடம் இருந்து நான் பார்த்ததே இல்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மோதிரத்தைக் கையில் வாங்கியதும் போன் பக்கம் திரும்பி உயர்த்திக் காட்டினான்.

"சேகரு, நல்லாப் பாத்துக்க. நீதான்டா போடற. நான் சும்மா கைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கை எனக்கு ஆகவில்லை. மாப்பிள்ளையின் விரலில் மோதிரம் ஏறாமல் அவன் திருகித் திருகிப் போட்டான். கவிதா முனிராஜை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவேண்டிய சிரிப்பு அது. போனை அணைத்துவிட்டு வேட்டியோடு படுத்துக்கொண்டேன். சம்பளத்தோடு லீவு.

அந்த வியாழக்கிழமையின் கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முனிராஜ் லீவு லெட்டரில் காரணம் 'தங்கச்சி கல்யாணம்' என்று எழுதியிருக்கிறான். ஹெச்.ஆர். ஆள் ஃபைலைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஏதுய்யா தங்கச்சி? ஒரே பையன்னு போட்டிருக்குது?" என்றாராம். இவன் சொன்னானாம், "யானைன்னு எழுதினாலும் நம்ப மாட்டீங்க, தங்கச்சின்னு எழுதினாலும் நம்ப மாட்டீங்க. நான் என்னாதான் சார் எழுதறது?" லீவு கொடுக்கவில்லை. கொடுக்காமலே போய்விட்டான். ஆப்சென்ட் விழுந்தது. இதை அவன் எனக்கு ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொன்னான். அது அவன் தொடர்ந்து லீவு போடாத ஐந்தாவது வருடம் என்பதைச் சொல்லவில்லை. ஆயுதபூஜை முடிந்த பிறகு கவிதாதான் போனில் சொன்னாள். "அண்ணா, முனி அண்ணனுக்குத் தங்கக் காசு வரலையாம்."

காசு போனதற்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் பட்டேன். ஆனால் அந்த லெட்டரில் 'தங்கச்சி' என்று அவன் எழுதினானே, அதுதான் என்னை அரித்தது. என் தங்கச்சிக்காக நான் எழுதவேண்டிய லெட்டர் அது.

6

கவிதாவுக்குப் பையன் பிறந்தான். தருண். வயது மூன்று நடக்கிறது. அவளும் மாப்பிள்ளையும் மத்திகிரியிலேயே இருக்கிறார்கள். முனிராஜ் ஷிஃப்ட் முடிந்து போகும்போது தினமும் நின்று, பையனைப் பைக் முன்னால் உட்காரவைத்துக் கால்நடைப் பண்ணை வரை ஒரு சுற்று அடித்துக் கொண்டுவந்து விடுவான். வீடியோவில் தருண் என்னிடம், "ஸ்பெயின் மாமா, பை" என்பான். ஹலோவுக்கு முன்பே பை சொல்கிற பிள்ளை.

போன வருடக் கடைசியில் கவிதா சொன்னாள், "அண்ணா, ஒன்னோட லீவு தெரிஞ்சாத்தான் காதுகுத்துக்குத் தேதி வெப்போம். தாய்மாமன் மடி வேணும் இல்ல? இந்தத் தடவ நீ இல்லாம நடக்காது."

நோட்டீஸ் போர்டில் காலண்டர் ஒட்டிய அன்று நான் பாகோவுக்கு முன்னால் நின்றேன். பென்சிலில் எழுதவில்லை, பேனாவில் எழுதினேன். ஆகஸ்ட் நடுவிலிருந்து முப்பது நாள், முழுசாக. "இப்பத்தான் நீ மனுசனாயிருக்க" என்று பாகோ முதுகில் தட்டினான்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கவிதாவிடம் நான், "முனியைத் தொந்தரவு பண்ணாத, பாவம், அவனுக்கு லீவு கெடைக்காது" என்றேன். பாவமாவது ஒன்றாவது. அவன் வரக்கூடாது என்று நினைத்தேன். அவள், "சொல்லாம எப்பிடிண்ணா?" என்று முடித்துவிட்டாள்.

மத்தூருக்குப் பக்கத்தில் மெயின் ரோட்டை ஒட்டித்தான் எங்கள் குலதெய்வம் கோயில். ஆவணி மாதத்து முதல் முகூர்த்தம். நான் ஊருக்கு வந்து இரண்டாம் நாள், லீவில் நாலாவது நாள். தாய்மாமன் சீராகத் தட்டுகள், கிருஷ்ணகிரியில் எடுத்த தங்கக் கடுக்கன், சரகோசாவில் வாங்கிய சிவப்புக் கார் பொம்மை. பட்டு வேட்டி கட்டி ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலையோடு தருணைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் வீறிட்டான். நான் காரைக் காட்டினேன். அதைத் தட்டிவிட்டான். இறுக்கிப் பிடித்தேன், என் தாடையில் உதைத்தான். "முனி மாமா! முனி மாமா!" என்று கத்துகிறான்.

முனிராஜ் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். லீவு கேட்கவில்லையாம், யாரிடமோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்திருந்தான். "நீ வுடாத சேகரு, நான் அந்தப் பக்கம் போயிடறேன். பாக்கலன்னா அழ மாட்டான்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் வந்த வேனுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான். பிள்ளை இன்னும் உரக்கக் கத்தியது.

ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல நேரம் போவுதுங்க. யாரு மடின்னு சீக்கிரம் சொல்லுங்க. இப்பிடி ஆடினா காது கிழிஞ்சு போவும்" என்றார். மத்தூர்ச் சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்பா கோபுரத்தைப் பார்த்தார். கவிதாவுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான்தான் சொல்ல வேண்டும்.

"முனி, வாடா இங்க."

"அட, நீ இருக்கும்போது..."

"வாடான்னா வா."

நான் எழுந்துகொண்டேன். அவன் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஜமக்காளத்தில் உட்கார்ந்தான். தருண் அவன் மடிக்குப் போனதும் அடங்கிவிட்டான். வலது காது. இடது காது. ஒரே ஒரு தடவை கத்திவிட்டு மொட்டைத் தலையை முனிராஜின் கழுத்தில் புதைத்துக்கொண்டான். சந்தனம் முழுக்க அவன் சட்டையில். நான் பக்கத்தில் நின்று கடுக்கன் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பந்தி போட ஆரம்பித்தார்கள். முனிராஜ் இலைக்கு வரவில்லை, மணியைப் பார்த்தான்.

"ரெண்டாவது ஷிஃப்டுடா. இப்பக் கெளம்பினாத்தான் கிருஷ்ணகிரி போயி ஓசூர் வண்டி புடிக்க முடியும்." பிள்ளையை என் கையில் கொடுத்தான். "அழுதா அழுவட்டும், வுடாத. நீதான் இருக்கியே, லீவு நெறைய இருக்குது. பழகிடுவான்."

ரோட்டுக்கு ஓடினான். பஸ் நின்று, ஏற்றிக்கொண்டு, புறப்பட்டது. தருண் என் கையிலிருந்து அந்தப் பக்கம் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு அழுதான். பஸ் மறைந்த பிறகும் அதே பக்கம்தான் கையை நீட்டிக்கொண்டிருந்தான். நான் அவனை விடவில்லை.

எனக்கு இன்னும் இருபத்தாறு நாள் லீவு இருந்தது.